பழங்கால கார்களில் கியர் மெதுவாக விழுகிறதா? காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

1930-க்கு முந்தைய கார் ஒன்றை முதல்முறை ஓட்டுபவர்களில் பலர் கேட்கும் கேள்வி இது: மூன்றாவது கியரிலிருந்து டாப்புக்குப் போக ஏன் இவ்வளவு நேரம்? கிளட்சை மிதித்து, லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மனதுக்குள் ஒன்று, இரண்டு, சில வண்டிகளில் மூன்று வரை எண்ணினால்தான் அடுத்த கியர் சத்தமில்லாமல் விழும். அவசரப்பட்டால் பற்கள் கர்ரென்று கத்தும். சமதரையில் பரவாயில்லை. மேட்டில் அப்படி எண்ணி முடிப்பதற்குள் வண்டியின் வேகம் செத்துவிடும். டாப் விழுந்தும் பயனில்லை, உடனே மூன்றுக்கு இறங்க வேண்டியதாகிவிடும்.

இதைக் கேட்டதும் கியர்பாக்ஸைக் கழற்ற ஓடுபவர்கள் உண்டு. வேண்டாம். பெரும்பாலான வண்டிகளில் கியர்பாக்ஸ் நன்றாகவே இருக்கும். அதற்கு முன்னால் தொங்கிக்கொண்டு சுழலும் எடையில்தான் விஷயம் இருக்கிறது. அந்த எடையை எவ்வளவு சீக்கிரம் மந்தப்படுத்த முடியும் என்பதே இந்தக் கட்டுரை.

உள்ளே என்ன நடக்கிறது?

1890-களில் பிரான்சின் பனார் லெவாசோர் நிறுவனம் வழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது: பற்சக்கரங்களை ஷாஃப்டின் மேல் நகர்த்தி, ஒன்றின் பல்லுக்குள் இன்னொன்றின் பல்லை நேரடியாக நுழைப்பது. வேகத்தை ஒத்திசைக்கும் சின்க்ரோமெஷ் 1928-இல் காடிலாக் கார்களில்தான் வந்தது. அதுவரை ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் இந்தக் 'கிராஷ்' கியர்பாக்ஸ்தான். 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி போன்ற சில வண்டிகள் கோள்வகைப் பற்சக்கரங்களை வைத்து இந்தப் பிரச்சினையையே தாண்டிப் போய்விட்டன.

ஓடும் பஸ்ஸில் ஏறுவதற்கு பஸ்ஸின் வேகத்திலேயே கூட ஓடியாக வேண்டும் இல்லையா, அதேதான் இங்கும். நுழைகிற பல்லும் ஏற்கிற பல்லும் ஒரே வேகத்தில் இருந்தால் கியர் வெண்ணெயாக விழும். ஒரு கணக்குப் பார்ப்போம். மூன்றாவது கியரின் விகிதம் 1.5, டாப் நேர் இணைப்பு, அதாவது 1 என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் எஞ்சின் நிமிடத்துக்கு 2400 சுற்றில் ஓடுகிறது. அதே சாலை வேகத்தில் டாப் விழ வேண்டுமானால் கியர்பாக்ஸின் உள்வரும் ஷாஃப்ட் 1600 சுற்றுக்கு இறங்க வேண்டும்.

யார் அதை இறக்குவது? கிளட்சை மிதித்தாயிற்று, எனவே எஞ்சின் அதைத் தொடவில்லை. லீவர் நியூட்ரலில் இருக்கிறது, எனவே சக்கரங்களும் தொடவில்லை. உள்வரும் ஷாஃப்ட், அதோடு எப்போதும் பிணைந்து கியர்பாக்ஸுக்குள் இணையாகச் சுழலும் லே ஷாஃப்ட், அதன் முனையில் இருக்கும் கிளட்சின் சுழலும் பாகம், இவை மூன்றும் பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றை மந்தப்படுத்த பேரிங் உராய்வும் கியர் எண்ணெயின் இழுவையும் மட்டும்தான் உண்டு.

இப்போது கிளட்சைப் பாருங்கள். ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட், பென்ட்லி 3 லிட்டர் போன்ற வண்டிகளில் இருந்தது கோன் கிளட்ச். அகலமான கூம்பு ஒன்று, எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் குழிக்குள் போய் அமரும். விட்டம் பெரிது, எடையும் விளிம்பில். சுழலும் பொருளின் ஜடத்துவம் ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும் என்பதால், விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, மையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பல கிலோவுக்குச் சமம். இதனால்தான் சில தயாரிப்பாளர்கள் கோனை அலுமினியத்தில் வார்த்தார்கள். மெல்லிய ஒற்றைத் தட்டு கிளட்ச் உள்ள வண்டிகளில் இந்தக் காத்திருப்பு தானாகவே குறையும்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் காத்திருக்கும்போது வண்டியும் வேகம் இழக்கிறது. 1600-ஐ நோக்கி ஷாஃப்ட் இறங்கி வருவதற்குள் மேட்டில் தேவையான எண்ணிக்கை 1500, 1400 என்று நழுவிக்கொண்டே போகும். ஏற்றத்தில் டாப் விழவே மாட்டேன் என்று அடம்பிடிப்பதன் ரகசியம் இதுதான்.

படி 1: எது மெதுவு என்று முதலில் பிரித்தறியுங்கள்

'கியர் மெதுவாக விழுகிறது' என்ற ஒரே புகாருக்குப் பின்னால் இரண்டு வேறு வேறு கோளாறுகள் இருக்கலாம். ஒன்று, கிளட்ச் முழுதாக விடுபட்டும் ஷாஃப்ட் தன் எடையால் சுற்றிக்கொண்டே இருப்பது. இன்னொன்று, கிளட்ச் முழுதாக விடுபடாமல் எஞ்சினே ஷாஃப்டை இழுத்துக்கொண்டு சுற்றுவது. முதலாவது அந்த வடிவமைப்பின் இயல்பு, இரண்டாவது கோளாறு. மருந்து இரண்டுக்கும் வேறு.

சோதனை எளிது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கால் வைக்கும் தளப் பலகையைக் கழற்றினால் பெரும்பாலான பழைய வண்டிகளில் கிளட்சின் பின்பகுதியும் கியர்பாக்ஸுக்குப் போகும் ஷாஃப்டும் கண்ணுக்குத் தெரியும். எஞ்சினை நிறுத்தி, ஷாஃப்டின் மேல் நீளவாக்கில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில், ஒருவர் பெடலை முக்கால்வாசி மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் அந்தக் கோட்டைக் கவனிக்க வேண்டும். முழுக்க மிதிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் பிறகு வரும். துண்டு, தொங்கும் சட்டை, அவிழ்ந்த வேட்டி எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. ஷெட்டின் கதவு திறந்திருக்கட்டும், புகை ஆளைக் கொல்லும்.

முதலில் சாக்பீஸ் கோடு தெரியாது, ஷாஃப்ட் முழுக்க வெளிறிய சாம்பல் பூச்சாகத் தெரியும். மெல்ல மெல்ல அது துடிக்கும் வெள்ளையாக மாறி, தனிக் கோடாகப் பிரிந்து, கடைசியில் நின்றுவிட வேண்டும். சில விநாடிகளில் நின்றால் கிளட்ச் விடுபடுகிறது. நீங்கள் நேராகப் படி 3-க்குப் போகலாம். 10 விநாடி கழித்தும் கோடு சோம்பலாகச் சுற்றிக்கொண்டே இருந்தால், எஞ்சின் அதை இழுக்கிறது என்று அர்த்தம்.

படி 2: இழுக்கும் கிளட்சைச் சரிசெய்தல்

இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இழுவையை அப்படியே விட்டுவிட்டு கிளட்ச் ஸ்டாப்பை (ஷாஃப்டை அடக்கும் சின்ன பிரேக், படி 5-இல் வரும்) இறுக்கி, 'சரியாகிவிட்டது' என்று ஓட்டுபவர்களின் வண்டிகளில் ஸ்டாப்பின் லைனிங் (உராயும் பட்டை) சீக்கிரம் தேய்ந்து போகும், பெடலும் கனத்துவிடும், கோளாறு மட்டும் உள்ளேயே இருக்கும்.

பெடலின் வெற்று ஓட்டத்தை முதலில் பாருங்கள். மூட்டுகளின் பின்களும் துளைகளும் தேய்ந்திருந்தால், கால் போகும் தூரத்தில் பாதி அந்தத் தேய்வை நிரப்பவே செலவாகும். கோன் சில மில்லிமீட்டர்தான் பின்வாங்க வேண்டும், அதுவும் கிடைக்காமல் போகும். பின்களை மாற்றி, துளைகளுக்குப் புது புஷ் போடுவது மலிவான வேலை. பல வண்டிகளில் வியாதி இத்தோடு தீர்ந்துவிடும்.

அடுத்து, ஷாஃப்டின் முன்முனை அமர்ந்திருக்கும் ஸ்பிகாட் பேரிங். ஃபிளைவீலின் மையத்தில் இருக்கும் இந்தச் சின்ன பேரிங்கோ புஷ்ஷோ காய்ந்து போனால், கிளட்ச் விடுபட்டும் எஞ்சின் இதன் வழியாகவே ஷாஃப்டைப் பிடித்து இழுக்கும். பெரும்பாலும் யாரும் கிரீஸ் வைத்திருக்க மாட்டார்கள். ஸ்பிரிங்கின் அழுத்தத்தைத் தாங்கும் திரஸ்ட் பேரிங்குக்கும் இதே நிலைமைதான். இங்கே மிதமாக வையுங்கள். அதிகமானால் சூட்டில் உருகி லைனிங்குக்குப் பரவும்.

தோல் பதித்த கோனாக இருந்தால் தோலைத் தொட்டுப் பாருங்கள். நல்ல தோல் விரல் நகத்துக்குச் சற்றே அமுங்கிக் கொடுக்கும். கண்ணாடி போலப் பளபளத்து இறுகியிருந்தால் கிளட்ச் குதித்துக் குதித்துப் பிடிக்கும், எண்ணெயில் ஊறி உப்பியிருந்தால் விடுபடாமல் இழுக்கும். காய்ந்த தோலுக்கு மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயைத் தடவி ஓர் இரவு ஊறவிடுவது அந்தக் காலத்திலிருந்து தொடரும் வழக்கம். விளக்கெண்ணெயும் பயன்படுத்தினார்கள். எஞ்சின் எண்ணெய் பட்டு வழுக்கும் தோலுக்கு, பெட்ரோலில் துடைத்து முல்தானி மட்டியைத் தூவுவது வழியில் செய்யும் அவசர வைத்தியம். இங்கிலாந்தில் அன்றைய ஓட்டுநர்கள் அந்த மண்ணை வண்டியிலேயே வைத்திருப்பார்கள்.

புல்நோஸ் மாரிஸ் வண்டிகள் தனி ரகம். அவற்றில் கார்க் பதித்த தட்டுகள் எண்ணெயில் நனைந்தபடியே ஓடும், அதுவும் எஞ்சின் எண்ணெய்தான். குளிர்ந்த நிலையில் எண்ணெய் கெட்டியாகித் தட்டுகளை ஒட்டிக்கொள்ளும், முதல் கியர் கத்திக்கொண்டுதான் விழும். எஞ்சின் சூடானதும் சரியாகிவிட்டால் கவலை வேண்டாம். சூடான பிறகும் இழுத்தால் எண்ணெயின் தடிமன் அதிகம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. அந்தக் கால லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை மூடிக் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

படி 3: கியர் எண்ணெய்

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. 'மெல்லிய எண்ணெய் ஊற்றினால் கியர் லேசாக விழும்' என்பது சின்க்ரோமெஷ் பழக்கத்தில் வந்த நம்பிக்கை. கிராஷ் கியர்பாக்ஸில் மேல் கியருக்குப் போக ஷாஃப்டை மந்தப்படுத்த வேண்டும், அந்த வேலையைச் செய்வதே எண்ணெயின் இழுவைதான். எண்ணெயை மெலிதாக்கினால் காத்திருப்பு நீளும். அன்றைய தயாரிப்பாளர்கள் எஸ்.ஏ.இ. (எண்ணெயின் தடிமனைக் குறிக்கும் அளவுகோல்) 140 போன்ற கெட்டி எண்ணெயைச் சொன்னதில் இந்தப் பலனும் சேர்ந்தே இருந்தது. ஃபோர்டு மாடல் ஏ-வுக்குச் சொல்லப்பட்ட 600டபிள்யூ எண்ணெய் ஏறக்குறைய தேன்பாகு.

எனவே தயாரிப்பாளர் சொன்ன தடிமனுக்குத் திரும்புங்கள். ஆனால் எண்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கியர் எண்ணெய்க்கும் எஞ்சின் எண்ணெய்க்கும் அளவுகோல் வேறு. எஸ்.ஏ.இ. 90 கியர் எண்ணெயும் எஸ்.ஏ.இ. 50 எஞ்சின் எண்ணெயும் சூட்டில் கிட்டத்தட்ட ஒரே தடிமன்தான். பழைய கையேடு எதைச் சொல்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

ஜி.எல்.5 (கியர் எண்ணெயின் தரவகை) என்று டப்பாவில் போட்டிருப்பதைத் தவிர்க்கவும். அதில் அதிகமாகச் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் வெண்கல புஷ்களை அரிக்கக்கூடும், பழைய கியர்பாக்ஸ்களில் வெண்கலம் நிறையவே உண்டு. ஜி.எல்.4 அல்லது சேர்மங்கள் குறைந்த பழங்கால வண்டிகளுக்கான எண்ணெய் போதும்.

படி 4: எஞ்சின் தன் பங்குக்கு வேகம் இறங்குகிறதா?

இரட்டைக் கிளட்ச் போட்டு, அதாவது ஒரு கியர் மாற்றத்துக்கு பெடலை இரண்டு முறை மிதித்து ஓட்டும்போது, நியூட்ரலில் பெடலை விட்டவுடன் ஷாஃப்ட் எஞ்சினோடு இணைந்துவிடும். அப்போது ஷாஃப்ட் எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்பது எஞ்சின் எவ்வளவு சீக்கிரம் இறங்கும் என்பதுதான். எஞ்சின் வேகத்தைக் கையால் கூட்டும் கை த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு மறந்து ஓட்டுபவர்கள் அதிகம். முதலில் அதை மூடுங்கள். த்ராட்டில் கம்பிகள் தேய்ந்து முழுதாக மூடாமல் இருந்தாலும், ஐட்லிங் அதிகமாக வைத்திருந்தாலும் இதே விளைவுதான். நல்ல நிலையில் இருக்கும் பழைய பெரிய எஞ்சின் 400, 500 சுற்றில் நிதானமாக ஓட வேண்டும்.

ஃபிளைவீலை இழைத்து எடை குறைப்பது பற்றிக் கேட்பார்கள். மாடல் ஏ-வின் ஃபிளைவீல் சுமார் 28 கிலோ, அதைக் குறைத்தால் கியர் மாற்றம் வேகமாவது உண்மைதான். ஆனால் வார்ப்பிரும்பு ஃபிளைவீலில் தவறான இடத்தில் பொருளை எடுத்தால் அது சுழலும்போதே வெடித்துச் சிதறலாம், ஓட்டுநரின் கால்களுக்கு நேர் முன்னால். அனுபவமுள்ள பட்டறை, விரிசல் சோதனை, சமநிலைப்படுத்துதல் மூன்றும் இல்லாமல் கைவைக்காதீர்கள். பெரும்பாலானோருக்கு இது தேவையே படாது.

படி 5: கிளட்ச் ஸ்டாப்

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். கிளட்ச் ஸ்டாப் என்பது ஒரு சின்ன பிரேக். பெடலின் கடைசி ஓட்டத்தில், கோனின் பின்புறத்தையோ ஷாஃப்டின் மேலிருக்கும் ஒரு சிறு வட்டையோ லைனிங் பதித்த ஒரு துண்டு தொட்டு, சுழற்சியை அடக்கும். பென்ட்லி 3 லிட்டர் உட்பட அந்தக் காலத்தின் பல நல்ல கார்களில் இது தயாரிப்பிலேயே உண்டு. பின்னால் வந்த யாரோ 'எதற்கு இது' என்று கழற்றிப் போட்டிருப்பார்கள், அல்லது லைனிங் தேய்ந்து ஆணி மட்டும் மிஞ்சியிருக்கும். எனவே முதலில் உங்கள் வண்டியில் அதற்கான பிராக்கெட், திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள்.

லைனிங்குக்கு இன்று கிடைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத நெய்த பிரேக் லைனிங் ஏற்றது. ஒட்டுவதோடு நிறுத்தாமல் செம்பு ரிவெட்டும் அடியுங்கள், ரிவெட்டின் தலை லைனிங்கின் மேற்பரப்புக்குக் கீழே அமிழ்ந்திருக்க வேண்டும். ஸ்டாப் விறைப்பான இரும்பில் நிற்காமல், சற்றே வளைந்துகொடுக்கும் ஸ்பிரிங் பட்டையில் நின்றால் நல்லது. அப்போதுதான் காலின் அழுத்தத்துக்கு ஏற்ப மெல்லவும் பலமாகவும் பிடிக்கும்.

இனி சரிசெய்யும் முறை. ஸ்டாப்பை முழுக்கப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத் தொடங்குங்கள். பெடலை மிதித்து, கிளட்ச் எந்த இடத்தில் முழுதாக விடுபடுகிறது என்று கண்டு, பெடல் தண்டில் ஒரு குறி வையுங்கள். ஸ்டாப் அந்தக் குறியைத் தாண்டிய பிறகுதான் தொட வேண்டும். இரண்டுக்கும் நடுவே, ஸ்டாப்பைத் தொடாமலே கிளட்சை விடுவிக்கக்கூடிய ஓர் இடைவெளி, பெடல் ஓட்டத்தில் குறைந்தது 2 சென்டிமீட்டராவது, காலுக்குத் தெளிவாகத் தெரிகிற மாதிரி இருக்கட்டும். படி 1-இல் பெடலை முக்கால்வாசி மட்டும் மிதிக்கச் சொன்னது இதனால்தான்.

பிறகு சாக்பீஸ் கோட்டுச் சோதனையை மறுபடி செய்யுங்கள், இந்தமுறை பெடலைத் தரைவரை மிதித்து. எஞ்சின் 500 சுற்றில் ஐட்லிங் ஓடும்போது ஷாஃப்ட் நிற்க அரை விநாடி ஆகிறது என்றால், அதன் நிமிடச் சுற்று எண்ணிக்கை ஒவ்வொரு விநாடியிலும் 1000 குறைகிறது. நம் உதாரணத்தில் 2400-இலிருந்து 1600-க்கு 800 சுற்று இறங்க வேண்டும், அதற்கு ஏறக்குறைய 0.8 விநாடி. லீவரை நிதானமாக நியூட்ரலைத் தாண்டி நகர்த்த ஒரு கைக்கு ஆகும் நேரமும் அவ்வளவுதான். இதுதான் இலக்கு. முக்கால் விநாடி ஆனாலும் மோசமில்லை, 1.2 விநாடிக் காத்திருப்பு வரும். ஆனால் பெடலைத் தொட்டதுமே ஷாஃப்ட் டக்கென்று நின்றுவிட்டால் ஸ்டாப் மிகக் கடுமை. லீவர் போய்ச் சேருவதற்குள் ஷாஃப்ட் 1600-ஐத் தாண்டிக் கீழே போயிருக்கும்.

சாலையில் ஓட்டிப் பார்த்துத் திருகை அரைச் சுற்று, அரைச் சுற்றாகத் திருத்துங்கள். கியர் கத்தினால் எந்தப் பக்கம் திருத்துவது? லீவரை நியூட்ரலிலேயே வைத்து, பெடலை முழுக்க மிதித்தபடி இன்னும் சற்றுக் காத்திருங்கள். அப்போது விழுந்தால் ஸ்டாப் போதவில்லை. காத்திருந்தும் விழாமல், பெடலை ஒருமுறை விட்டு மறுபடி மிதித்ததும் விழுந்தால் ஸ்டாப் அதிகம், ஏனென்றால் பெடலை விட்ட அந்தக் கணத்தில் எஞ்சின் ஷாஃப்டுக்குத் திரும்ப வேகம் கொடுத்துவிட்டது.

படி 6: கால் கற்றுக்கொள்ள வேண்டியது

மேல் கியருக்குப் போகும்போது: ஆக்ஸிலரேட்டரை விட்டு, பெடலைத் தரைவரை மிதித்து, லீவரை நியூட்ரல் வழியாக ஒரே சீரான இழுப்பில் கொண்டுபோய்ப் போடுங்கள். ஸ்டாப் சரியாக இருந்தால் ஒற்றைக் கிளட்சே போதும். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு விகித இடைவெளி அதிகம் என்பதால் அங்கே சற்றுக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

கியரைக் குறைக்கும்போது ஸ்டாப் உங்கள் எதிரி. ஷாஃப்ட் 1600-இலிருந்து 2400-க்கு ஏற வேண்டிய நேரத்தில் அதைப் பிடித்து அடக்கினால் எப்படி? எனவே பெடலைப் பாதி மட்டும் மிதியுங்கள், ஸ்டாப்பைத் தொடவே கூடாது. பாதி மிதித்து நியூட்ரல், பெடலை விட்டு ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு, மறுபடி பாதி மிதித்து கியர். நம் ஊரில் பழைய லாரிகள் ஓட்டியவர்களுக்கு இந்த டபுள் கிளட்ச் கைவந்த கலை, அப்படி ஒருவர் பக்கத்தில் இருந்தால் உட்கார வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பெடலைப் பாதியில் நிறுத்தச் சொல்லி முதலிலேயே நினைவூட்டிவிடுங்கள், லாரியில் அவர்களுக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்காது. இன்னொரு விஷயம், அந்தக் காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஆக்ஸிலரேட்டர் நடுவிலும் பிரேக் வலப்பக்கமும் இருக்கும். வண்டி நிற்கும்போதே காலைப் பழக்கிக்கொண்டு சாலைக்குப் போங்கள்.

1932 வரை மூன்றே கியர்களோடு வந்த ஆஸ்டின் செவன் வைத்திருப்பவர்கள் ஸ்டாப்பைத் தேடி அலைய வேண்டாம். அதன் ஒற்றைத் தட்டு கிளட்ச் லேசானது. அதில் இரண்டாவதிலிருந்து டாப்புக்குக் காத்திருக்க நேர்வது இரண்டு விகிதங்களுக்கும் உள்ள பெரிய இடைவெளியால், அதைப் பழகித்தான் கொள்ள வேண்டும். அதன் பெடல் ஓட்டம் மிகக் குறைவு என்பதால் வெற்று ஓட்டத்தை மட்டும் துல்லியமாக வைத்திருங்கள்.

இத்தனையும் செய்தும் கத்தினால்

அப்போதுதான் கியர்பாக்ஸின் மேல்மூடியைத் திறக்க வேண்டும். வருடக்கணக்காக முட்டி மோதிய பற்களின் நுழைமுனை மழுங்கி, ஓரம் பிசிறடித்திருக்கும். சரியான வேகத்தில் வந்தாலும் அந்தப் பிசிறு நுழையவிடாது. எண்ணெய்க்கல்லால் பிசிறை நீக்கி, நுழைமுனைச் சரிவை மட்டும் மீட்டெடுங்கள், பல்லின் வேலைசெய்யும் பக்கத்தைத் தொடாதீர்கள். பெட்டிக்குள் விழும் துகள்களை எடுக்க எண்ணெயை வடித்து, கழுவி, புது எண்ணெய் ஊற்றுவது கட்டாயம். பற்சக்கரத்தை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க் வளைந்திருக்கிறதா, லீவர் நகரும் பாதையான கேட் தேய்ந்து கை அலைகிறதா என்பதையும் அதே சாக்கில் பார்த்துவிடலாம்.

புது ஸ்டாப் லைனிங் முதல் சில நூறு கிலோமீட்டரில் படிந்து தேயும். அதற்குப் பிறகு இடைவெளியை ஒருமுறை மீண்டும் அளந்து திருத்துங்கள், கிளட்ச் லைனிங் தேயத் தேய பெடலின் குறியும் இடம் மாறும் என்பதால் அதையும் புதிதாகப் போடுங்கள்.